மீதி ரெண்டு முடிச்சு

கும்மிடிப்பூண்டி
10.2.2025

அன்புத் தம்பி ரகுவுக்கு அக்கா அருணா எழுதறது. இங்க நானும் உங்க மாமாவும் பூமிகாவும் நல்லாருக்கோம். நீயும் அம்மாவும் எப்படி இருக்கீங்க? டயலிசிஸ் முடிஞ்சு வந்த அன்னிக்கு அம்மாவுக்குக் கை வீங்கியிருந்துச்சே, இப்ப வத்திடுச்சா?

போன்ல பேசினா நீ கத்துற, நான் அழுவுறேன், பாதியில கட் பண்ணிட்டுப் போயிடற. கடுதாசிய கட் பண்ண முடியாது பாரு. அதான் எழுதிக்கினு உக்காந்திருக்கேன். முழுசா படி.

கலெக்டர் ஆபீஸ்லருந்து தபால் வந்துடுச்சு. எனக்கு இந்தியக் குடியுரிமை குடுக்க ஒத்துக்கினாங்க. ஆனா அதுக்கு முன்னாடி மலேசியாவ விட்டுட்டேன்னு நான் பேப்பர் கொண்டாந்து காட்டணும். ரெண்டையும் வச்சிக்க இந்த ஊர்லயும் விட மாட்டாங்க, நம்ம ஊர்லயும் விட மாட்டாங்க.

நீ கோவப்படுவ, தெரியும். கல்யாணமாகி பன்னெண்டு வருஷமா வருஷா வருஷம் ரெண்டு பஸ் மாறி திருவள்ளூர் போயி விசாவ நீட்டிக்க போலீஸ் ஆபீஸ்ல நிக்கிறேன். நாற்காலியில உக்காந்திருக்கற ஆளு மாறுறாங்க, கேள்வி மாறல. "எத்தினி நாள் இருப்பீங்க?" ஊட்டுக்காரர் இங்க, பொண்ணு இங்க, அப்பா பொறந்த திருப்பாச்சூர் அந்த ஆபீஸ்லருந்து கூப்பிடு தூரத்துல. நான் இன்னா பதில் சொல்றது?

அதக்கூட பொறுத்துக்கலாம். அப்பா காரியத்துக்குக் கிள்ளான் வந்துட்டு, கொரோனாவுல வெளிநாட்டுப் பாஸ்போர்ட்டுன்னு விசாவ நிறுத்தி, ஒன்பது மாசம் புள்ளைய விட்டுட்டுக் கெடந்தேனே. அது இன்னொரு வாட்டி நடந்தா நான் செத்துப் போவேன்டா. வெளிநாட்டு இந்தியர் கார்டு வாங்கிக்கோன்னு நீ சொல்ற. அப்ப அந்தக் கார்டு வச்சிருந்தவங்களையுந்தான் நிறுத்தினாங்க.

அத விடு. ரம்யா ஊட்டுல தேதி குறிச்சாச்சா? பொண்ணுக்கு இன்னா கலர் புடிக்கும்னு கேட்டு எழுது. முதல் முடிச்சு நீ போட்டுட்டு ஒதுங்கிக்கோ. மீதி ரெண்டு முடிச்சு நாத்தனாரோடது. ஸ்கூல் ஷூவுக்கு லேஸ் கட்டத் தெரியாம பத்து வயசு வரைக்கும் என்கிட்ட கால நீட்டினவன் நீ. உன்ன நம்பி மூணையும் விட முடியாது.

அம்மாவ உப்பு கம்மியா சாப்பிடச் சொல்லு.

இப்படிக்கு உன் அக்கா,
அருணா

*

கிள்ளான்
2.3.2025

அன்புள்ள அக்காவுக்கு ரகுவின் வணக்கம். அம்மா கை வீக்கம் குறைந்துவிட்டது. வாரம் மூணு தடவை டயலிசிஸ், அதில் மாற்றம் இல்லை. மாமாவையும் பூமிகாவையும் கேட்டதாகச் சொல்.

எழுதிக்கினு, ஒத்துக்கினு. படிக்கும்போதே நீ பாதி அந்தப் பக்கம் போயிட்டேன்னு தெரியுது. மீதியை அரசாங்கம் கேட்குது போல.

அக்கா, நான் கத்துறதுக்குக் காரணம் இருக்கு. சும்மா ஊர் பார்க்க வந்த அப்பா, அம்மாவைப் பார்த்துட்டு இங்கேயே தங்கினார். முப்பது வருஷத்துக்கு மேல சாப்பாட்டுக் கடை அடுப்புல வெந்தார். குடிமக்களுக்குத் தர்ற நீல ஐசிக்கு, அந்த அடையாள அட்டைக்கு, எழுதிப் போட்டுப் போட்டு, ஒவ்வொரு தடவையும் இல்லைன்னு வந்து, சாகும்போதும் அவர் சட்டைப் பையில இருந்தது வெளிநாட்டுக்காரங்களுக்குத் தர்ற சிவப்பு ஐசிதான். நமக்கு மட்டும் அது பிறந்த அன்னைக்கே அம்மாவால தானா வந்தது. அவர் வரிசையில நின்னு நின்னு கிடைக்காததை நீ வரிசையில நின்னு திருப்பிக் குடுக்கப் போற. எனக்கு வயிறு எரியுது.

அம்மாகிட்ட சொன்னேன். டிவியைப் பார்த்துட்டே இருந்தாங்க. டிவி ஓடல.

சரி, நீ பிடிச்ச பிடியை விட மாட்ட. ஒண்ணே ஒண்ணு கேட்கிறேன். ஆகஸ்ட் 29, வெள்ளிக்கிழமை முகூர்த்தம். மெர்டேக்கா சுதந்திர தின லீவு சேர்ந்து வர்றதால ரம்யா வீட்டுல அந்த நாளைப் பிடிவாதமா வாங்கினாங்க. அது வரைக்கும் மலேசியப் பாஸ்போர்ட்டைக் கையை விட்டு விடாத. வந்து முடிச்சைப் போடு, அம்மா கூட நாலு நாள் இரு. அப்புறம் திரும்பிப் போய் என்ன வேணாலும் செய். நான் வாயே திறக்க மாட்டேன்.

அம்மாவால இனி பிளைட் ஏற முடியாது. நீ வந்தாத்தான் உண்டு. இதை யோசி.

ரம்யாவுக்கு மாம்பழக் கலர் பிடிக்குமாம்.

உன் தம்பி,
ரகு

*

கும்மிடிப்பூண்டி
1.4.2025

அன்புத் தம்பி ரகுவுக்கு, எல்லாரும் சௌக்கியம். உங்க சௌக்கியத்துக்கு எழுது.

உன் கடுதாசி மார்ச் இருவதுக்கு மேலதான் கைக்கு வந்துச்சு. அதுக்கு முந்தின வாரம் நானும் உங்க மாமாவும் ஒரு வேலையா மெட்ராஸ் போயிட்டு வந்தோம். போன எடத்துல வெயிலு மண்டைய பொளந்துடுச்சு. வந்ததுலருந்து எனக்கு ஒடம்பு ஒரு மாதிரியாவே கெடக்கு. ஒண்ணும் இல்ல, வெயிலுதான்.

நீ எழுதினத படிச்சேன். ரெண்டு வாட்டி படிச்சேன்.

மாம்பழக் கலர்ல அரக்கு பார்டர் வச்சு ஒரு பட்டு திருவள்ளூர்ல பாத்து எடுத்துட்டேன். உங்க மாமா கடையில நாற்காலியிலயே தூங்கிட்டார். அவருக்கு இரும்பு கம்பெனியில நைட் ஷிப்ட் மாத்தி மாத்தி போட்டு ஒரே பேஜாரு. பூமிகாவுக்கு முன்பல்லு ரெண்டும் விழுந்துடுச்சு. சிரிச்சா அப்படியே அப்பா பல்செட்டைக் கழட்டின மாதிரியே இருக்கு. மாமா கல்யாணத்துல பல்லு மொளைச்சிடுமான்னு தெனம் கண்ணாடி பாக்கறா.

அம்மா எடை எவ்ளோன்னு எழுது. சும்மா நல்லாருக்காங்கன்னு எழுதாத.

அக்கா,
அருணா

*

கிள்ளான்
24.4.2025

அன்புள்ள அக்காவுக்கு, நலம். அம்மா நாற்பத்தாறு கிலோ. போதுமா?

ரெண்டு தடவை படிச்சேன்னு எழுதியிருந்த. உன்னைப் பத்தி எனக்குத் தெரியாதா, சரின்னு வாயைத் திறந்து சொன்னா கௌரவம் குறைஞ்சிடும். அம்மாகிட்ட வாசிச்சுக் காட்டினேன். "அவ கேட்டுக்குவா" என்றார்கள். ரொம்ப நாளுக்கு அப்புறம் அன்னைக்கு ஒரு இட்லி கூட சாப்பிட்டாங்க.

பத்திரிகை அடிக்கக் குடுத்தாச்சு. உன் பேரும் மாமா பேரும் அம்மா பேருக்கு அடுத்த வரியில. ரம்யா அம்மாவுக்கு அதுல கொஞ்சம் முணுமுணுப்பு. எனக்குக் கவலை இல்லை.

உனக்கும் பூமிகாவுக்கும் டிக்கெட் நான்தான் போடுவேன். பூமிகாவுக்குப் போன வருஷமே பாஸ்போர்ட் எடுத்தாச்சுன்னு மாமா சொன்னார். ரெண்டு பேர் பாஸ்போர்ட் நம்பரும் உடனே அனுப்பு. உன் பழைய கட்டிலை ஸ்டோர்ல இருந்து எடுத்து அம்மா ரூமுல போட்டாச்சு. அம்மாவே துடைச்சாங்க. வேணாம்னு சொன்னா கேட்கல.

நம்பரை மறக்காத.

ரகு

*

கும்மிடிப்பூண்டி
20.5.2025

அன்புத் தம்பிக்கு, நாங்க சௌக்கியம். அம்மா கட்டில தொடைச்சாங்கன்னு படிச்சதும் அடுப்ப அணைச்சிட்டு வந்து உக்காந்துட்டேன். அவங்கள ஏன்டா அதெல்லாம் செய்ய விடற.

டிக்கெட் நீ போடாத. உங்க மாமாவுக்கு ஷிப்ட் எப்படி வருதுன்னு தெரியல, பூமிகாவுக்கு ஜூன்ல ஸ்கூல் தொறக்கறாங்க, லீவு கேக்கணும். நாங்களே பாத்து போட்டுக்கறோம். இப்பலருந்து இன்னா அவசரம்.

சும்மா ஒண்ணு கேக்கறேன். ரம்யா ஊட்டுப் பக்கம் நாத்தனார் முடிச்சு கூடப் பொறந்தவதான் போடணும்னு இருக்கா, இல்ல சித்தி பொண்ணு போட்டாலும் ஒத்துக்குவாங்களா? சில ஊர்ல மாப்பிள்ளையே மூணையும் போட்டுடறாராம். இங்க பக்கத்து ஊட்டு கல்யாணத்துல பாத்தேன், அதான் கேட்டேன். வேற ஒண்ணும் இல்ல.

பூமிகாவுக்கு ஒரு பல்லு எட்டிப் பாக்குது. அம்மாகிட்ட சொல்லு.

அருணா

*

கிள்ளான்
9.6.2025

அக்காவுக்கு,

அம்மா நலம்.

பாஸ்போர்ட் நம்பர் என்ன?

ரகு

*

கும்மிடிப்பூண்டி
29.6.2025

அன்புத் தம்பி ரகுவுக்கு,

இங்க எல்லாரும் நல்லாருக்காங்க. நான் நல்லா இல்ல.

நம்பர் இல்லடா. பாஸ்போர்ட்டே இல்ல. மார்ச் பன்னெண்டாம் தேதி மெட்ராஸ் போனது அதுக்குத்தான். மலேசியத் தூதரகத்துல பாஸ்போர்ட்டையும் நீல ஐசியையும் குடுத்துட்டேன். அங்க இருந்த ஆபீசரம்மா நம்ம ஊரு பேச்சுலயே, நல்லா யோசிச்சீங்களா கா, பின்னால கேட்டாலும் கெடைக்காதுன்னு கேட்டாங்க. நம்ம ஊரு பேச்ச கேட்டதும் தலைய மட்டும் ஆட்டினேன். கத்திரிக்கோலால பாஸ்போர்ட் மூலைய வெட்டினாங்க. வெளிய வந்து உங்க மாமா எளநி வாங்கிக் குடுத்தார். கையில புடிச்சிக்கினே நின்னேன், எறங்கல.

உன் கடுதாசி ஒரு வாரம் கழிச்சு வந்துச்சு. முன்னாடி வந்திருந்தா குடுத்திருக்க மாட்டேனான்னு கேட்டா, எனக்குத் தெரியல. பொய் சொல்ல மாட்டேன்.

இந்த ஊர்ப் பாஸ்போர்ட் ரெண்டு மாசத்துல கைக்கு வந்துடும், வந்து முடிச்சப் போட்டுட்டு அப்புறமா சொல்லி உன்கிட்ட திட்டு வாங்கிக்கலாம்னு கணக்குப் போட்டேன். மலேசியாவ விட்டாச்சுன்னு பேப்பர் மே மாசமே வந்துடுச்சு. இங்கதான் பைல் நகர மாட்டேங்குது. திருவள்ளூர்ல கேட்டா மெட்ராஸ்ங்கறாங்க, மெட்ராஸ்ல கேட்டா டெல்லிங்கறாங்க. இப்ப நான் அந்த ஊர்க்காரியும் இல்ல, இந்த ஊர்க்காரியும் இல்ல. வருஷா வருஷம் சீல் போட்டுக்கினு வருவேனே, அத போடறதுக்குக் கூட ஒரு பாஸ்போர்ட் கெடையாது. தெருவுல போலீஸ் வண்டி வந்தா உள்ள போயிடறேன்.

இன்னொண்ணு உங்ககிட்ட சிரிச்சிக்கினே சொன்னேன், இப்ப சிரிக்காம சொல்றேன். அந்த ஒன்பது மாசம் கழிச்சு நான் வந்து நின்னப்ப பூமிகா எங்க நாத்தனார் பொடவைய புடிச்சிக்கினு பின்னாடி ஒளிஞ்சா. அவங்களப் பாத்து "அம்மா, இந்த ஆன்ட்டி யாரு?"ன்னு கேட்டா. மூணு வயசு கூட ஆவல. அப்புறம் ஆறு மாசம் ஆச்சுடா என் பக்கத்துல படுக்கறதுக்கு. ராத்திரியில முழிச்சா என்னப் பாத்துட்டு அழுவா. இனிமே எந்த ஏர்போர்ட்டும் என்னையும் அவளையும் பிரிக்கக் கூடாதுன்னு அன்னிக்கு முடிவு பண்ணேன்.

அவளுக்காகத்தான் குடுத்தேன். உன்னையும் அம்மாவையும் வேணாம்னு குடுக்கல. அத மட்டும் நீ நம்பணும்.

அம்மாகிட்ட சொல்லாத. சொல்றதுன்னா நான் சொல்றேன்.

அருணா

*

கும்மிடிப்பூண்டி
10.8.2025

அன்புத் தம்பிக்கு,

நீ பதில் போடல. போன் எடுக்கல. அம்மா போனும் ஆப்ல இருக்கு. உங்க மாமா கூப்பிட்டா ரெண்டே வார்த்தை, "பிஸி மாமா." அம்மா எப்படி இருக்காங்கன்னு மட்டும் சொல்லுடா. என்னத் திட்டு, கடுதாசி பூரா திட்டியே எழுது, வாங்கிக்கறேன். அம்மாவப் பத்தி சொல்லாம இருக்காத.

பைல் நகந்திருக்குங்கறாங்க. எப்பன்னு சொல்லல. இருபத்தொம்பதாம் தேதிக்குள்ள வழியில்ல, அது எனக்கே தெரியும். தேதிய மாத்தாத. ரம்யா ஊட்டுல ஏற்கெனவே முணுமுணுப்பு, என்னால உன் கல்யாணம் நிக்க வேணாம். சித்தி பொண்ண போடச் சொல்லு. அவளும் தங்கச்சிதான்.

பட்டுப் பொடவையும், திருப்பாச்சூர் கோயில்ல வச்சு வாங்கின மஞ்சக் கயிறும் பார்சல் போட்டிருக்கேன். அப்பா ஊரு சாமி. அந்தக் கயித்துலயே கட்டுங்க. முடிச்சுதான் போட முடியல, கயிறாவது நான் குடுத்ததா இருக்கட்டும்.

உன் அக்கா

*

கிள்ளான்
6.9.2025

அன்புள்ள அக்காவுக்கு,

ஜூலை மாசம் உன் கடிதம் வந்த அன்னைக்கு அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க. நெஞ்சுல நீர் கோத்துடுச்சு. பத்து நாளைக்கு மேல ஆச்சு வீட்டுக்கு வர. உனக்குச் சொன்னா நீ வர முடியாம அங்க உட்கார்ந்து அழுவ, சொல்லாம விட்டா நீ என்னைத் திட்டுவ. திட்டு வாங்கலாம்னு விட்டுட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி, உன்மேல எனக்கு இருந்த கோபம். போனைப் பார்த்துட்டு எடுக்காம உட்கார்ந்திருந்தேன்.

இப்ப நலமா இருக்காங்க. முதல்ல அதைச் சொல்லிடறேன்.

கல்யாணம் நடந்தது. நீ அனுப்பின கயிறுதான். சித்தி மகளைப் போடச் சொல்லி நான்தான் ஏற்பாடு செஞ்சேன். நான் முதல் முடிச்சைப் போட்டேன். ஐயர், நாத்தனார் வாம்மா என்றார். அவ கையை நீட்டினா. அம்மா சக்கர நாற்காலியில முன் வரிசையில இருந்தாங்க. மண்டபம் முழுக்கக் கேட்கற மாதிரி, "கையை எடு, அது அருணாவோடது" என்றார்கள்.

அக்கா, அந்தக் குரல் அம்மாவுக்கு இன்னும் இருக்குன்னு எனக்குத் தெரியாது. மேளம் நின்னு போச்சு. ரம்யா அம்மா எழுந்து வந்து, ஒத்த முடிச்சோட என் பொண்ணை எப்படி அனுப்புவேன், இது என்ன சகுனம், வராதவளுக்காக வந்தவளை அவமானப்படுத்துறதான்னு கேட்டாங்க. நியாயமாத்தான் இருந்தது. ரம்யா அப்பா மாலையைக் கழட்டுன்னே சொல்லிட்டார். கயித்தோட ரெண்டு நுனியும் ரம்யா முதுகுல தொங்குது. நானே மீதியையும் போட்டு முடிச்சிடலாம்னு கையைக் கொண்டு போனேன்.

அப்ப ரம்யா தலையைத் திருப்பாமலே, "இருக்கட்டும்ப்பா. அண்ணி வந்து போடட்டும்" என்றாள். அவ்வளவுதான். அவ அப்பா திரும்பிப் போய் உட்கார்ந்துட்டார். ஐயர் அட்சதையைத் தூவிட்டார்.

இன்னைக்கு வரைக்கும் ஒத்த முடிச்சுதான். நழுவாம இருக்க ரவிக்கையோட ஊக்கு குத்தி வச்சிருக்கா. அவ அம்மா தினமும் போன் போட்டு, ஊக்கு இருக்கான்னு கேட்கிறாங்க. ஐப்பசி கடைசி ஞாயிற்றுக்கிழமை தாலி பிரிச்சுக் கோர்க்கணும். அதுக்குள்ள நீ வரலைன்னா அவங்களே போட்டு முடிச்சிடுவாங்களாம். அதுக்கு மேல என்னால தடுக்க முடியாது.

நீ குடுத்ததைப் பத்தி நான் இனி பேசல. பூமிகா கேட்ட கேள்வியைப் படிச்சுட்டேன். ஆனா நீ வரணும்.

ரகு

*

கும்மிடிப்பூண்டி
18.10.2025

அன்புத் தம்பி ரகுவுக்கும் ரம்யாவுக்கும் அம்மாவுக்கும் எங்க தீபாவளி ஆசீர்வாதம், வணக்கம், எல்லாம். ரம்யா கழுத்துல ஊக்கு குத்திடாம இருக்கான்னு பாரு. அந்தப் பொண்ணுக்கு நான் இன்னா கைமாறு செய்வேன்னு தெரியல.

போன மாசம் நடுவுல கலெக்டர் ஆபீஸ்ல கூப்பிட்டாங்க. எழுந்து நின்னு உறுதிமொழி வாசிச்சேன். குரல் நல்லாத்தான் வந்துச்சு. கடைசியில, வேற எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லையேன்னு கேட்டாங்க. இல்ல சார்னேன். அத மட்டும் ரெண்டு வாட்டி சொல்ல வேண்டியிருந்துச்சு. வெளிய வந்ததும் பூமிகா என் கையப் புடிச்சிக்கினு, இனிமே ஏர்போர்ட்ல நீயும் நானும் ஒரே லைன்லயான்னு கேட்டா. ஆமாடின்னேன். துள்ளிக்கினு போனா. சந்தோஷமாத்தான் இருந்துச்சு ரகு. அத ஒளிக்க மாட்டேன்.

பாஸ்போர்ட்டுக்கு வெரிபிகேஷன்னு ஒரு போலீஸ்காரம்மா வந்து பக்கத்து ஊட்டுல விசாரிச்சாங்க, இவங்க எத்தினி நாளா இங்க இருக்காங்கன்னு. அந்தக்கா இவங்க இந்த ஊருதாங்கன்னு சொல்லியிருக்காங்க. நான் கதவுக்குப் பின்னாடி நின்னு கேட்டேன்.

முந்தாநாள் பாஸ்போர்ட் வந்துடுச்சு. நீலம். எழுதிக்கோ, நவம்பர் 14 வெள்ளிக்கிழமை, தாலி பிரிச்சுக் கோக்கறதுக்கு ரெண்டு நாள் முன்னாடியே, வந்து எறங்கறோம், நானும் பூமிகாவும். நீ கேட்ட நம்பர இந்தக் கடுதாசி பின்பக்கம் எழுதியிருக்கேன்.

ஒரு விஷயம். நம்ம ஊர் ஏர்போர்ட்ல இனி நான் வெளிநாட்டுக்காரங்க வரிசையில நிக்கணும். முப்பது நாள்தான் விடுவாங்களாம், திரும்பிப் போற டிக்கெட்ட காட்டணுமாம். எதுக்கு வந்தீங்க, எங்க தங்கப் போறீங்க, எத்தினி நாள்னு கேப்பாங்க. திருவள்ளூர்ல பன்னெண்டு வருஷம் கேட்ட கேள்விதான், பதில் சொல்லிடுவேன். ஆனா அம்மா அத கேட்டா எனக்குப் பதில் இல்ல. முப்பது நாள்னு நீயே பக்குவமா சொல்லி வை. என்னால முடியாது.

உன் அக்கா,
அருணா

*

கிள்ளான்
1.11.2025

அன்புள்ள அக்காவுக்கு, அனைவரும் நலம். ரம்யா உன்னை விசாரித்தாள். தீபாவளிக்கு உன் மாம்பழக் கலர் பட்டைத்தான் கட்டினாள்.

இந்தக் கடிதத்துக்கு முன்னாடி நீயே வந்து சேர்ந்தாலும் சேர்ந்திடுவ. இருந்தாலும் எழுதறேன், இதை என்னால போன்ல சொல்ல முடியாது.

நீ சொன்ன மாதிரி அம்மாகிட்ட சொன்னேன். நேற்று டயலிசிஸ் முடிஞ்சு கார்ல வரும்போது, அக்கா வர்றாங்கம்மான்னேன். தெரியும், கட்டிலுக்கு வேற விரிப்பு போடுன்னாங்க. எப்படிச் சொல்றதுன்னு யோசிச்சுக்கிட்டே வண்டி ஓட்டினேன். அவங்களே கேட்டுட்டாங்க, "எத்தனை நாளைக்கு விடுவாங்களாம்?"

அப்ப உன் விஷயம் எல்லாமே அவங்களுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. நான் உன் கடிதத்தை ஒளிச்சு வச்ச இடமெல்லாம் வீண்.

முப்பது நாள்னு சொன்னேன். அழுவாங்கன்னு கண்ணாடியில பார்த்தேன். அழல. ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டு, தனக்குத்தானே சொல்ற மாதிரி சொன்னாங்க.

"உங்கப்பாவுக்கும் முதல்ல அவ்வளவுதான் குடுத்தாங்க."

வீட்டுக்கு வந்து புது விரிப்பு போட்டோம். 14ஆம் தேதி நானும் ரம்யாவும் ஏர்போர்ட்டுக்கு வருவோம். அம்மாவும் வருவேன்னு சொல்றாங்க. வரிசை நீளமா இருக்கும், பூமிகாவுக்குக் குடிக்கத் தண்ணீர் கையில வச்சுக்கோ.

உன் தம்பி,
ரகு